உம்மாவின் சுண்டுவிரலும் இருபத்தொரு பேரும்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மொத்தம் இருபத்திரண்டு பேர். கீழக்கரையில் ஏழெட்டுப் பேர், சென்னையில் மூன்று பேர், மிச்சமெல்லாம் துபாய், தோஹா, ஜித்தா என்று கடலுக்கு அந்தப் பக்கம். இந்த இருபத்திரண்டு பேரில் உம்மாவின் காலில் வந்த புண்ணைக் கடைசி நாள் வரை கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்தி. உம்மாவிடம் அந்த மாதிரி போனும் கிடையாது, குனிந்து தன் பாதத்தைப் பார்க்கவும் முடியாது. ஆனால் போன டிசம்பரில் நாலு நாள், மற்ற இருபத்தொரு பேருக்கும் அந்தக் காலைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்திருந்தது. இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வரட்டும்.

நான் கணக்கு டீச்சர். ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் பதினாறு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் முதல் வேலையாகப் பெயர் எழுதிய பக்கத்தைப் பின்னால் மடித்துவிடுவேன். யார் எழுதியது என்று தெரிந்துவிட்டால் கை தானாக ஓடும். நன்றாகப் படிக்கிற பிள்ளை என்றால் தப்பும் சரியாகத் தெரியும். வாலு என்றால் சரியும் தப்பாகத் தெரியும். பெயரைப் பார்க்காதே, வரிவரியாகப் போன வழி சரியா என்று மட்டும் பார். இது நான் எனக்கே போட்டுக்கொண்ட சட்டம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, மறைப்பானேன்.

எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அப்படி வாப்பா கட்டிய வீடு எனக்கு வந்தது, உம்மா என்னோடு இருக்கிறார். காக்கா, அதாவது என் அண்ணன், பத்தொன்பது வருடமாகத் துபாயில். அவர் மனைவி, என் மதினி, இரண்டு தெரு தள்ளித் தன் உம்மா வீட்டில் இருக்கிறார். உம்மாவுக்கு ஊசி போடுவது நான். ஐந்து வேளையும் தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளு செய்ய முக்காலி போட்டுத் தண்ணீர் எடுத்து வைப்பதும் நான். ஆனால் எதற்காவது முடிவெடுக்க வேண்டுமென்றால் உம்மா வாயில் முதலில் வருவது, "காக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க புள்ள." என் வீட்டுக்காரர் கத்தாரில் இருக்கிறார். அவரைக் கேட்டால், "உன் உம்மா, உன் காக்கா. நான் நடுவுல வரலை" என்பார். பிழைக்கத் தெரிந்த மனிதர்.

அந்த டிசம்பரில் உம்மாவுக்குச் சுகர் ஏறிக்கொண்டே போனது. மாத்திரைக்கு அடங்கவில்லை. இன்சுலின் ஊசி போடச் சொன்னார்கள், ஆரம்பித்தேன். அதே வாரம் காக்காவின் பார்சல் வந்தது. பால்பவுடர், பாதாம், சோப்பு, தைலம், அவற்றோடு உம்மாவுக்கென்று தனியாக ஒரு மெஷின். இரண்டு பாதத்தையும் உள்ளே நுழைத்து வைத்தால் சிவப்பு விளக்கு எரிந்து, கதகதவென்று காலைப் பிடித்துவிடும். "பஞ்சு மேல நடக்குற மாதிரி காலு மரமரன்னு இருக்கு வாப்பா" என்று உம்மா போனில் மகனிடம் செல்லமாகச் சொன்னதைக் கேட்டு அவர் வாங்கி அனுப்பியது. கால் சரியானதோ இல்லையோ, உம்மாவின் நெஞ்சு குளிர்ந்துவிட்டது. தினமும் சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு நான் ஸ்விட்சைப் போடுவேன், அவர் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினோம். எல்லாரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். மதினி மட்டும் ஒரு வெள்ளிக்கிழமை வந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏதோ சொன்னார். புருஷன் வாங்கிய மெஷின் தன் வீட்டுக்கு வராமல் இங்கே வந்துவிட்டது, வேறென்ன சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் மத்தியானம் லுஹர் தொழுகைக்கு ஒளு செய்துவிட்டு உம்மா எழுந்து நடந்தார். வெள்ளை டைல்ஸில் ஈரக் காலடிகள். இடது காலடி ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெளிறிய சிவப்பு. பிடித்து உட்கார வைத்துப் பார்த்தால், சுண்டுவிரலில் கொப்புளம் ஒன்று உடைந்து தோல் உரிந்து கிடக்கிறது. "வலிக்கலையா உம்மா?" என்றேன். "எதும்மா?" என்றார். மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் போட்டேன். அரையாண்டுப் பரீட்சை நேரம், வீட்டில் விடைத்தாள் கட்டுக்கட்டாகக் கிடந்தது. ஒரு வாரம் களிம்பு போட்டும் ஆறவில்லை. விரல் நுனி கறுத்தது.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு உம்மாவை ராமநாதபுரத்துக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "சுண்டுவிரல் செத்துப்போச்சும்மா. திங்கக்கிழமை எடுத்துருவோம். எடுத்தா பாதம் தப்பிக்கும். தள்ளிப்போட்டீங்கன்னா அப்புறம் நான் விரலைப் பத்திப் பேச மாட்டேன், காலைப் பத்தித்தான் பேசுவேன்" என்றார். பிறகு, "வெந்நீர் ஊத்துனீங்களா? ஒத்தடம், சூடு, எதாச்சும் வச்சீங்களா?" என்று கேட்டார்.

"இல்லை டாக்டர். நான்தான் பாத்துக்குறேன். அதெல்லாம் செய்ய மாட்டேன்" என்றேன். அடித்துச் சொன்னேன்.

திரும்பி வரும்போது காரில் உம்மா சொன்னார்: "காக்கா சரின்னா எடுத்துக்கலாம். அவன் வேணாம்னா வேணாம்." திங்கட்கிழமைக்கு நாலு நாள். அதற்குள் துபாயில் இருக்கிற ஒரு மனுஷன் வாயிலிருந்து 'சரி' என்ற ஒரு சொல் வர வேண்டும். இல்லையென்றால் உம்மாவுக்குக் கால் இல்லை. விஷயம் இவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் குழுவில் எழுதினேன்.

முதலில் வந்தது உம்மாவின் தங்கை, சாச்சியின் குரல். "விரலை எடுத்தா பாதத்தை எடுப்பாங்க. பாதத்தை எடுத்தா முழங்காலை எடுப்பாங்க. அப்புறம் ஆளே மவுத்து. எங்க தெருவுல அப்படித்தானே போனாரு ஒருத்தரு. விட்றாதே, கத்தி வைக்க விட்றாதே!" ஒரு நிமிடக் குரல் பதிவு, கடைசியில் அழுகை. கேட்டுக் கேட்டு எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. அந்த மனிதரை எனக்கும் தெரியும். புண்ணோடு மூன்று மாதம் வீட்டில் கிடந்து, முழங்கால் வரை அழுகிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனவர். அவரைக் கொன்றது கத்தியா, அந்த மூன்று மாதமா? மழையில் போகிறவர்கள் எல்லாம் குடை பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்பதால் குடைதான் மழையைக் கொண்டுவந்தது என்பாரா இந்தச் சாச்சி? இதையே எழுதிப் போட்டேன். சாச்சி அழுகிற முகம் ஒன்றைப் பதிலாகப் போட்டார்.

அடுத்தது ஜித்தாவிலிருந்து சாச்சியின் மகன். அவன் முதலாளி அரபிக்கு முப்பது வருடமாகச் சுகராம். தினமும் பேரீச்சம்பழம் தின்கிறாராம். இன்றைக்கும் சிங்கம் மாதிரி நடக்கிறாராம். ஆகவே சுகர் என்பதே டாக்டர்கள் கட்டிவிட்ட கதையாம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான் தம்பி, ஆனால் சோறு அந்தப் பானையிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். ஜித்தா பானையில் சோற்றை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, கீழக்கரைப் பானை வெந்துவிட்டது என்று இறக்கி வைப்பாயா? அவன் 'அக்காவுக்குக் கோவம்' என்று எழுதிச் சிரிக்கிற பொம்மை போட்டான். என் உம்மாவின் கால் போகப்போகிறது, அவனுக்குச் சிரிப்பாணி.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் குழுவில் கூட்டம் கூடிவிட்டது. யாரோ ஒருத்தர், "ஊசி போட ஆரம்பிச்ச பிறகுதானே புண்ணு வந்துச்சு?" என்று கொளுத்திப் போட்டார். போச்சு. பத்துப் பேர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஊசியை ஆரம்பித்தவள் நான், ஆகவே புண்ணைக் கொடுத்தவளும் நான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைச் சின்ன வயதில் இவர்களுக்கு யாருமே சொல்லவில்லையா? 'அதே வாரம் எதிர்வீட்டுல புது பிரிட்ஜும் வந்துச்சு. அதுவும் காரணமா?' என்று எழுதினேன். நல்ல பதில் என்று நானே மெச்சிக்கொண்டேன். அதே வாரம் வேறென்ன வந்தது என்று நான் யோசிக்கவில்லை.

'டீச்சருக்கு எல்லாம் தெரியும்' என்று ஒருவர். 'நீ என்ன டாக்டரா?' என்று இன்னொருவர். நான் டாக்டர் இல்லை, டாக்டர் சொன்னதைச் சொல்கிறேன். இவர் டாக்டரும் இல்லை, டாக்டர் சொன்னதைச் சொல்லவும் இல்லை. துபாயில் டைல்ஸ் விற்கிறார். 'நம்ம குடும்பத்துல இதுவரை யாருக்கும் விரல் எடுத்தது கிடையாது' என்று பெரியவர் ஒருவர். நம் குடும்பத்தில் இதுவரை யாருக்கும் விமானம் ஓட்டத் தெரியாது, அதற்காக எல்லாரும் தோணியிலா துபாய் போனீர்கள்? இதை மட்டும் எழுதவில்லை. வயதில் மூத்தவர்.

சனிக்கிழமை மத்தியானம் காக்காவே கூப்பிட்டார். கடையில் இருந்தார்போல, பின்னால் ஒரே இரைச்சல்.

"ஏம்மா, உம்மாவ வெட்டுக்குக் குடுக்கப் போறியா, இல்ல வீட்ல வச்சு நல்லபடியாப் பாக்கப் போறியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"ரெண்டு மட்டும்தான் இருக்கா காக்கா? விரலை எடுத்துட்டு வீட்டுக்குக் கூட்டி வந்து நல்லபடியாப் பாக்கக் கூடாதா?"

"ஆஸ்பத்திரிக்காரன் காசுக்குத்தான் சொல்லுவான். உனக்குத் தெரியாது."

"தையல்காரரும் கூலிக்குத்தான் தைக்கிறாரு. அதனால நீங்க போட்டிருக்க சட்டை அளவு தப்பாப் போச்சா? எதுக்காகச் சொல்றாருங்குறது வேற காக்கா. சொன்னது சரியாங்குறதப் பாருங்க!"

"அப்ப உம்மாவுக்கு என்ன ஆனாலும் பரவாயில்லைங்குற. அப்படித்தானே?"

நான் சொன்னது என்ன, இவர் எடுத்துக்கொண்டது என்ன! மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு. நான் சொல்லாத ஒன்றை என் வாயில் திணித்து, அதற்கு என்னையே பதில் சொல்லச் சொல்கிறார். "யா அல்லாஹ்! நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்று கத்தினேன். அவரும் கத்தினார். உள்ளே உம்மா, "சண்டை போடாதீங்க, எனக்கு ஒண்ணுமில்ல" என்று குரல் கொடுத்தார். காக்கா போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை மாலைக்குள் நான் எல்லா வாதத்திலும் ஜெயித்திருந்தேன். யார் எதைச் சொன்னாலும் எந்த வரியில் வழுக்கினார்கள் என்று விரலை வைத்துக் காட்டினேன். சரியாகத்தான் காட்டினேன், இன்றைக்கும் அதில் ஒன்றைக்கூட வாபஸ் வாங்க மாட்டேன். ஆனால் யாரும் மனம் மாறவில்லை. கட்டு மாற்றும்போது பார்த்தேன். கறுப்பு விரலைத் தாண்டிப் பாதத்தின் ஓரத்தைத் தொட்டிருந்தது. ஜெயித்து என்ன, உம்மா ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு அடி நகரவில்லையே. அன்றைக்குச் சமையலறையில் நின்று அழுதேன், ஆத்திரத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மதினி வந்தார். கையில் கஞ்சித் தூக்குவாளி. வந்ததும், "கட்டைப் பிரிம்மா, நான் பாக்குறேன்" என்றார். புருஷனுக்கு ஒற்று சொல்ல வந்திருக்கிறார், சொல்லிக்கொள்ளட்டும் என்று பிரித்தேன். அவர் தரையில் உட்கார்ந்து, உம்மாவின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்த போனை எடுத்துக் காக்காவுக்கு வீடியோ கால் போட்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் பெண்களின் படம் போடுகிற வழக்கம் கிடையாது. கல்யாணம் என்றால் மாப்பிள்ளை படம் வரும், சஹன் தட்டில் குவித்த சோற்றின் படம் வரும், பெண்ணின் படம் வராது. உம்மாவின் காலைப் படம் பிடித்துப் போடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. குழுவில் போட வேண்டாம், காக்கா ஒருவருக்காவது காட்டலாம் என்றும் தோன்றவில்லை. நாலு நாள் இருபத்திரண்டு பேர் ஒரு காலைப் பற்றி அடித்துக்கொண்டோம், என்னைத் தவிர காலை யாரும் பார்க்கவில்லை. படம் வரையாமல் வடிவியல் கணக்குப் போடுகிற பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்துகிறவள் நான்.

"வேணாம் புள்ள, காலை எவனுக்கும் காட்டாத" என்று உம்மா சேலையை இழுத்து மூடினார்.

"எவனுக்குமா? நீங்க பெத்த மகன் மாமி" என்றார் மதினி.

காக்கா திரையில் வந்தார். வந்ததும் ஆரம்பித்தார்: "இங்க பாரு, நான் நேத்தே அவகிட்ட..."

"பேசாதீங்க. பாருங்க" என்றார் மதினி. போனைக் காலுக்கு நேரே பிடித்தார். கை ஆடாமல் பிடித்தார். பிறகு காக்காவின் குரல் வந்தது, அழுகிற குரல். "எடுத்துரச் சொல்லு. நாளைக்கே எடுத்துரச் சொல்லு. அல்லாவே, இவ்வளவு ஆயிருச்சா?" என்றார்.

நாலு நாள் நான் தொண்டை கிழியக் கத்தி வாங்க முடியாத ஒரு 'சரி'. நிம்மதி வந்தது. கூடவே பொறாமையும் வந்தது, சொல்லிவிடுகிறேன்.

மதினி கட்டைத் திரும்பக் கட்டும்போது அவர் கண் மூலையில் இருந்த மெஷின் மீது போனது. "அன்னைக்கே சொன்னேனேம்மா" என்றார். திட்டுகிற மாதிரிகூடச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னார்.

அன்றைக்கு அவர் ஏதோ சொன்னார் என்று முன்னால் எழுதினேன் அல்லவா? ஏதோ இல்லை. அவர் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "சுகர் காலுக்குச் சூடு தெரியாதும்மா. எங்க வாப்பா இப்படித்தான் வெந்நீர்ல காலை வச்சு, வெந்தது தெரியாமலே உக்காந்திருந்தாரு. மாமிக்கு இது வேணாம்." இதுதான் அவர் சொன்னது. காரணம் சொன்னார், கண்ணால் கண்டதைச் சொன்னார், தெளிவாகச் சொன்னார். நான் அதைக் காதில் வாங்கி, சொன்னது யார் என்று பார்த்தேன். மதினி. பொறாமை. முடிந்தது கணக்கு. எதுக்காகச் சொல்றாருங்குறது வேற, சொன்னது சரியாங்குறதப் பாருங்க என்று காக்காவுக்குப் பாடம் எடுத்த வாய் இந்த வாய்தான். ஒற்று சொல்ல வந்திருக்கிறார் என்று அன்று காலைகூட நினைத்தேன், கஞ்சி கொண்டுவந்தவரைப் பார்த்து. டாக்டர் சூடு வைத்தீர்களா என்று கேட்டபோது அடித்து இல்லை என்றேனே, அது பொய்யில்லை. சூடு என்றால் எனக்கு வெந்நீர், ஒத்தடத் துணி. காக்கா துபாயிலிருந்து அனுப்பியது சூடாகுமா? அது வெளிநாட்டுச் சாமான்.

குழுவில் எத்தனை பேர் மீது கோபப்பட்டேன்! அத்தனை கோபத்தையும் மொத்தமாகச் சேர்த்தாலும், அந்த நிமிடம் என் மீது எனக்கு வந்த கோபத்துக்குக் காணாது. மதினியிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "கஞ்சி ஆறுது, மாமிக்கு ஊத்திக் குடு" என்றார்.

திங்கட்கிழமை விரலை எடுத்தார்கள். மெஷினைப் பற்றி டாக்டரிடம் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார், அது போதும். சுண்டுவிரலோடு அடுத்த விரலும் போனது. வியாழக்கிழமையே சரி கிடைத்திருந்தால் ஒன்றோடு போயிருக்கும் என்றார்கள். பாதம் தப்பித்தது. குழுவில் இருபத்தொரு பேரும் அல்ஹம்துலில்லாஹ் போட்டார்கள். சாச்சி, "நான் அப்பவே சொன்னேன், நம்ம லாத்தாவுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு" என்று தன் அக்காவைப் பற்றிக் குரல் பதிவு போட்டார். அதற்கும் பதில் எழுத விரல் துடித்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உம்மா, அந்த மெஷின்ல காலை வச்சப்ப நல்லா இருந்துச்சா உங்களுக்கு?"

"எனக்கு என்னம்மா தெரியும். உள்ள காலு இருக்கா இல்லையான்னே தெரியலை."

"பின்ன ஏன் ஒருநாளாவது வேணாம்னு சொல்லலை? மதினி சொன்னாங்கல்ல, நீங்களும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

உம்மா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார், இதுகூடவா தெரியாது என்பதுபோல.

"மகன் அனுப்புனது. மக எடுத்து வச்சது. அது எப்படிம்மா தப்பா இருக்கும்?"

நாலு நாளில் இருபத்தொரு பேர் பேசியதை வரிவரியாகப் பிடித்துத் திருத்தியவள் நான். இந்த வரியிலும் தப்பு இருந்தது. என்ன தப்பு என்றும் எனக்குத் தெரியும். கட்டுப் போட்ட அந்தக் காலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். திருத்த வாய் வரவில்லை.